பத்தொன்பதாம் கேள்வி

மத்தியானம் மூன்றேகால் மணி. ராத்திரி இல்லை, மத்தியானம்தான். பேய்க்கு இருட்டில் மட்டும்தான் வேலை என்று யார் எழுதி வைத்தது? இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவை யாராவது சாத்திவிடுங்கள்.

மேம்பாலத்துக்கு அடியில் போகிற சாலை. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் கிடங்குகள். மேலே லாரி போனால் தூண்கள் வழியாக 'தும்... தும்...' என்று சத்தம் இறங்கும். கீழே மனுஷ வாடையே கிடையாது. அந்தச் சாலையில் ஒரு பையன் நடந்து போகிறான். கல்லூரியில் இரண்டாம் வருஷம். சாப்பாட்டு வாசனை வந்த இடத்தில் முதல் ஆளாக நுழைவான் என்பதால், கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பேர் கரண்டி. எங்கள் அத்தானோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன். அத்தான் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

கரண்டி அங்கே போனது சாப்பிட. அவனுக்கு வேலையே சாப்பிடுவதுதான்.

சிரிக்காதீர்கள். அது எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் முழுக்கக் கிளை வைத்திருக்கிற சாப்பாட்டுக் கடை முதலாளிகளுக்கு ஒரு கவலை உண்டு. தாங்கள் வருவது தெரிந்தால் எல்லாக் கடையும் பளபளக்கும். தெரியாதபோது எப்படி இருக்கும்? அதைப் பார்த்துச் சொல்லவே ஓர் அலுவலகம் இருக்கிறது. அவர்கள் கல்லூரிப் பையன்களைப் பிடித்து, சாதாரணமாகச் சாப்பிட வருகிறவர்கள் மாதிரி அனுப்புவார்கள். கல்லூரிப் பையன் பசியோடு வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

உள்ளே நுழைந்ததும் மனதுக்குள் எண்ண வேண்டும். எத்தனையாவது விநாடியில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்? தண்ணீர் வர எத்தனை நிமிஷம்? கை கழுவுமிடத்தில் சோப்பு இருக்கிறதா? பேனா மாதிரி மெல்லிய வெப்பமானி ஒன்று கொடுத்திருப்பார்கள். ஏதோ எழுதப் போகிறவன் மாதிரி குனிந்து, அதைச் சூப்புக்குள் ஐந்து விநாடி வைத்து எடுக்க வேண்டும். அன்று ராத்திரி பன்னிரண்டுக்குள் செல்போனில் முப்பத்திரண்டு கேள்விக்குப் பதில் போட வேண்டும். சாப்பிட்டது ஓசி. விடுதியில் காலை வேளைக்கு மட்டும்தான் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் கரண்டியின் வயிறு நம்பியிருந்தது இந்த ஓசியைத்தான்.

அந்தப் பெரிய ஊரை அவன் தெரிந்துகொண்டதே வயிற்றால்தான். நீதிமன்றத்துக்குப் பின்னால் இருந்த கடையில் முட்டையோடு ஓடும் வந்தது. துறைமுகத்துக் கடையில் மீன் வர நாற்பது நிமிஷம் ஆனது, பரிமாறுகிறவர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கரண்டி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவான்.

சிக்கல் நல்ல கடையில்தான். முப்பத்திரண்டுக்கும் முழு மதிப்பெண் போட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். ஆள் யாரும் படித்துப் பார்ப்பதில்லை, கணினியே திருப்பிவிடும். குறையே இல்லாத கடை கிடையாது, ஆகவே நீ போகவே இல்லை, அறையில் படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய் என்று அதற்கு ஒரு கணக்கு. மூன்று தடவை திரும்பினால் உன் பேர் பட்டியலில் இருக்காது.

இதற்குப் பையன்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கரண்டிக்குச் சொல்லிக் கொடுத்ததே அத்தான்தான். பத்தொன்பதாம் கேள்வி, சூப் எத்தனை டிகிரி? அறுபதுக்குக் கீழே இருந்தால் குறை. ஐம்பத்தொன்பது என்று போட்டால் ஜோடித்த மாதிரி இருக்கும். முப்பது என்று போட்டால் ரகளை ஆகும். நாற்பத்தெட்டு போடு, அளந்து பார்த்த மாதிரி இருக்கும் என்றாராம். "யார் பேரும் அதுல வராதுடா. சூப்பு ஆறிப்போச்சுன்னா யார் குடி முழுகப் போகுது?"

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மோசமான கடைக்கு அதனதன் சொந்தக் குறையே போதும். குறை இல்லாத கடைக்குத்தான் பொய் தேவைப்படும். பொய்யோ எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் ஊரிலேயே நல்ல சூப் கொடுத்த கடைக்கு மாதாமாதம், வெவ்வேறு பையன்களிடமிருந்து, ஒரே புகார் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு... நாற்பத்தெட்டு... நாற்பத்தெட்டு.

மேம்பாலத்து அடியில் இருந்த கடைதான் அது.

கரண்டி முன்பே மூன்று தடவை அங்கே சாப்பிட்டிருந்தான். மூன்று தடவையும் சூப் நாக்கில் வைக்க முடியாத சூடு. மூன்று தடவையும் எழுதியது நாற்பத்தெட்டு. இப்போது நான்காவது தடவை, நாலைந்து மாதம் கழித்து.

கண்ணாடிக் கதவைத் தள்ளினான். உள்ளே ஒருவரும் இல்லை. மத்தியானக் கூட்டம் போய், சாயங்காலக் கூட்டம் வராத நேரம். ஒருவரை நிறுத்திவிட்டு மற்றவர்கள் பின்பக்கம் கண்ணயர்வார்கள், எல்லாக் கடையிலும் அப்படித்தான். மேசைகளில் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. மனதுக்குள் எண்ணினான். ஒன்று... இரண்டு...

மூன்று வருவதற்குள் சமையலறைக் கதவில் ஒரு அம்மா நின்றார். தலையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றி மறைகிற அளவுக்கு. வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வந்ததால் முகம் தெரியவில்லை. சூப் என்றான். தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டே நிமிஷத்தில் கிண்ணம் வந்தது.

வெப்பமானியை எடுத்து முக்கினான். நாற்பத்தெட்டு.

அவனுக்கு முதலில் பயம் வரவில்லை. நிம்மதிதான் வந்ததாம்... அப்பாடா, இன்றைக்குப் பொய் எழுத வேண்டியதில்லை.

"எத்தனை இருக்கு தம்பி?"

தோளுக்குப் பக்கத்தில் குரல். அவர் வந்த காலடிச் சத்தம் கேட்கவில்லை. அளக்கத்தான் வந்திருக்கிறோம் என்று கடைக்காரர்களுக்குத் தெரியவே கூடாது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. நாற்பத்தெட்டு என்று சொல்லிவிட்டான்.

சூடு பற்றவில்லையா, இருங்கள் என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

மறுபடி கொண்டுவந்தார். ஆவியில் கரண்டியின் மூக்குக்கண்ணாடி மங்கியது. முக்கினான், நாற்பத்தெட்டு. வெப்பமானி கெட்டுவிட்டதோ என்று பக்கத்தில் இருந்த தண்ணீரில் வைத்தான், இருபத்தொன்பது. சரியாகத்தான் வேலை செய்கிறது. திரும்பச் சூப்பில் வைத்தான். நாற்பத்தெட்டு.

"எத்தனை இருக்கு?"

சொன்னான். எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் தடவை வந்தபோது கிண்ணம் மேசைமேல் கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் நெருப்பு இல்லை. கெட்டியான குமிழிகள், 'ப்ளக்... ப்ளக்...' என்று. துணி இல்லாமல், பத்து விரலாலும் கிண்ணத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வெண்ணெயும் மிளகும் மணந்தன. அதற்கு அடியில் இன்னொரு வாடை... அடுப்புக்குப் பக்கத்தில் குனியும்போது முடி கருகுமே, அது.

வெப்பமானி நாற்பத்தெட்டுதான் காட்டியது.

"எத்தனை இருக்கு தம்பி?"

கரண்டி அதைக் கைக்குள் மூடிக்கொண்டான். சூடாக இருக்கிறது அம்மா, நல்ல சூடாக இருக்கிறது என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"அப்ப அதையே எழுதிடுங்க தம்பி. ஒரே ஒரு தடவை."

"எழுதறேம்மா."

குமிழி நின்றது. நிமிர்ந்து பார்த்தான். அங்கே யாரும் இல்லை. பெரிய சாலை வருகிறவரை ஓடினான், செருப்பு ஒன்று வழியிலேயே போனது.

ராத்திரி அறையில் உட்கார்ந்து சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பத்தொன்பதாம் கேள்விக்கு எண்பது. மற்றதுக்கெல்லாம் முழு மதிப்பெண். ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தது. நான் நிஜமாகவே போனேன் என்று ஒரு வரி சேர்த்து மறுபடி அனுப்பினான். மறுபடி திரும்பி வந்தது. இன்னொரு தடவை திரும்பினால் பட்டியலில் பேர் இருக்காது. நாளையிலிருந்து இரண்டு வேளைப் பட்டினி. மணி பதினொன்றே முக்கால்.

அத்தான் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். மடித்துக்கொண்டிருந்த சட்டை கையிலேயே நின்றுவிட்டது.

"அந்தக் கடையில இப்ப சூப்பே கிடையாதேடா."

கடைகளுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் வண்டிக்காரர் சொல்லி அவருக்குத் தெரியும், இவனிடம் சொல்லவில்லை. சூப் அண்டாவை நேரே நெருப்பில் வைக்க மாட்டார்கள். பெரிய தொட்டியில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் அண்டாவை இறக்கி வைப்பார்கள். சூடு ஆறாது, பொங்கவும் பொங்காது. ஆனால் சூப் ஆறிக் கிடக்கிறது, ஆறிக் கிடக்கிறது என்று மேலேயிருந்து ஓலை வந்துகொண்டே இருந்தால் மேலாளர் என்ன செய்வார்? தொட்டியை எடுத்துவிட்டு, அண்டாவை நேரே அடுப்பில் ஏற்றச் சொல்லிவிட்டார். கெட்டியான சூப் அப்படிக் கொதித்தால் ஆவி அடியிலேயே மாட்டிக்கொள்ளும். மேலே ஆடை படிந்து, ஆறிப்போன மாதிரி அசையாமல் கிடக்கும். சூடு இருக்கிறதா என்று அந்த அம்மா முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய், அகப்பையை விட்டுக் கிளறினார்...

மொத்தமும் ஒரே எழும்பலாக எழும்பி அவர் முகத்தில் அடித்தது. போன மாதம், மத்தியானம். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாராம்.

அந்த அறையில் இருந்த இரண்டு பேருமே நாற்பத்தெட்டு எழுதியவர்கள்.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. "செத்தவங்களுக்கு மார்க் எதுக்குடா," என்றார் அத்தான். "வேற எதுலயாவது ஒண்ணு போட்டுத் தொலை."

கரண்டி மேலேயும் கீழேயும் தேடினான். யாரையும் சுடாத குறையாக ஒன்று வேண்டும். நான்காம் கேள்வி, பரிமாறியவர் சிரித்த முகத்துடன் இருந்தாரா? அவன் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. இல்லை என்று போட்டான்.

உடனே ஏற்றுக்கொண்டது. நன்றி என்று வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அத்தான் விளக்கை அணைத்தார். சூப்பைப் பற்றிக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று கரண்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூங்கினான்.

மறுநாள் ஊரின் இன்னொரு கோடியில் ஒரு கடை. நல்ல கூட்டம், ஐம்பது பேர் பேசுகிற இரைச்சல். ரொட்டியும் முட்டையும் வந்தன. சமையலறையிலிருந்து தட்டுகள் வருமே, அந்தச் சுவர்ச் சந்து, அதற்குள்ளே ஒரு வெள்ளைத் துணி தெரிந்தது. கீழே முகம். ஒரு பாதி தோல் உரித்த கிழங்கு மாதிரி வழவழவென்று இருந்தது. அந்த முகம் சிரித்தது. கண் சிரிக்கவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் செய்கிற மாதிரி உதடு மட்டும் இரண்டு பக்கமும் விலகியது.

அத்தனை இரைச்சலிலும் குரல் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது.

"இவ்வளவு போதுங்களா தம்பி?"

அடுத்த நாள் வேறு கடை. சிரிப்பு இன்னும் கொஞ்சம் விரிந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். போதும் அம்மா, போதும் என்றான். அப்படியென்றால் எழுதிவிடுங்கள் என்றார். எங்கே எழுதுவது? ஏற்றுக்கொண்ட படிவத்தைத் திருத்த வழியே கிடையாது. அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சினான். முடிந்தது முடிந்ததுதான், சிரிப்பெல்லாம் ஒரு விஷயமா என்று அந்தப் பக்கம் இருந்த பெண் போனை வைத்துவிட்டாள்.

கரண்டி வெளியே சாப்பிடுவதை நிறுத்தினான். பட்டியலில் பேர் தானாகவே போயிற்று. காலையில் விடுதியில் போடுவதும் இறங்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் கழுத்தெலும்பு கம்பி மாதிரி துருத்திக்கொண்டு வந்தது. ஒரு சாயங்காலம் அத்தானுக்கே மனசு கேட்காமல், அறையில் இருந்த சின்ன அடுப்பில் முட்டையை வேகவைத்து, உரித்து, உப்புப் போட்டுக் கையில் கொடுத்தார். இங்கே நம்ம ரெண்டு பேரைத் தவிர யார் இருக்கா, தின்னுடா என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைக்கத் திரும்பினார்.

அப்போது அவருக்கும் கேட்டது.

நைந்துபோன பழைய துணியை, மெல்ல, நூல் நூலாகக் கிழித்தால் ஒரு சத்தம் வருமே... சர்ர்ர்... சர்ர்...

முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில்.

அத்தான் திரும்பினார். அறையில் கரண்டி மட்டும்தான் இருந்தான். அவன் அத்தானைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வழிய, தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"போதும்மா... ரொம்ப நல்லா சிரிக்கறீங்க... போதும்மா..."

சத்தம் நிற்கவில்லை.