கைப்பிடியில் குறை இல்லை

எனக்கு நிறங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஐயா. சாம்பல் நிறத்தில் இத்தனை வகை உண்டு என்பதே வீட்டைப் புதுப்பிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. நீங்கள் கைப்பிடியைப் பற்றிக் கேட்கிறீர்கள், வருகிறேன். டிசைனரிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் என் பக்கம் உங்களுக்குப் புரியாது.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். அங்கே என் பட்டப்பெயர் 'ஆகட்டும்'. யார் என்ன குறையோடு வந்தாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்று அனுப்பிவைப்பேன். ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. வீட்டிலும் அந்த ஒரு சொல்லை வைத்தே குடித்தனம் நடத்திவிட்டேன். வாயில்லாப் பூச்சி என்பாள் என் மனைவி. பூச்சிக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

டிசைனரை ஏற்பாடு செய்ததும் அவள்தான். வந்த அன்று அந்த அம்மாள் அளவு நாடாவைக் கையில் எடுக்கவே இல்லை. எங்களை உட்காரவைத்து, "இந்த வீட்டுல எங்க நின்னா உங்களுக்கு மனசு லேசாகுது?" என்று கேட்டார். மனைவி தன் பங்கைச் சொல்லி முடித்துவிட்டு எனக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"அவருக்கு அப்படியெல்லாம் எதுவும் கிடையாதும்மா. எங்க உக்காரச் சொன்னாலும் உக்காந்துக்குவார்."

"அவரே சொல்லட்டுமே," என்றார் டிசைனர்.

அங்கேதான் கவிழ்ந்தேன். தலையில் முடி கொட்டி, முட்டியில் வலி வந்த வயதில், இரண்டே சொல்லில். மாடிப்படி ஏறி முடியும் இடம் என்று உளறினேன். அங்கே நின்றால் கீழே கூடம் முழுக்கத் தெரியும், என்னை யாருக்கும் தெரியாது. அவர் சிரிக்கவில்லை. அந்த இடத்தில், கூடத்தைப் பார்த்த விளிம்பில், எனக்காக ஒரு மரக் கைப்பிடி வைத்தார். முழங்கையை ஊன்றி நிற்கிற அகலம், என் உயரத்துக்கு அளந்தது. பிறந்ததிலிருந்து என் அளவுக்கென்று செய்யப்பட்டவை பள்ளிச் சீருடையும் அந்தக் கைப்பிடியும்தான். சீருடைகூட வளர்த்திக்கு விட்டுப் பெரிதாகத் தைத்தது.

காதல் என்று எழுதிவிடாதீர்கள். அவருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எனக்கு மகள் இல்லை, அது வேறு விஷயம்.

வேலை முடிந்து சாவியைக் கொடுத்தபோது அவர் சொன்னார்: "எந்தக் குறை இருந்தாலும் கூப்பிடுங்க சார். ஆளை அனுப்ப மாட்டேன், நானே நேர்ல வந்து பாப்பேன்." புகார்ப் பிரிவில் காலத்தை ஓட்டியவனுக்கு அதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

முதல் குறை உண்மையானது. அலமாரி இழுப்பறை சிக்கிக்கொண்டது. அவர் வந்து தரையில் உட்கார்ந்து சரிசெய்தார். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார். முட்டிவலியைச் சொன்னேன். அதையும் காதுகொடுத்துக் கேட்டார். அடுத்த குறை தானாக வரட்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நன்றாக வேலை செய்கிறவர்களிடம் இது ஒரு சங்கடம்.

அதனால் கொஞ்சம் உதவி செய்தேன். கதவுக் கீலைத் தளர்த்தினேன். சுவரோரம் தண்ணீர் ஊற்றிப் பெயின்ட்டை உப்பவைத்தேன். உப்புத்தாளால் மேஜை விளிம்பைத் தேய்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் வந்தார். நானும் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அசடு வழிய நின்றேன்.

மனைவிக்குச் சலித்துவிட்டது. "இனிமே அந்தம்மாவைக் கூப்பிடாதீங்க. பாவம், எத்தனை தடவதான் வரும்? நம்ம தச்சரே போதும்." ஆகட்டும் என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கைப்பிடி அவளுக்கும் பிடித்துப்போயிற்று. தினமும் காலையில் அதில் சாய்ந்து நின்றுதான் என்னைக் கூப்பிடுவாள். எனக்குச் செய்தது என்று நான் சொன்னதில்லை. அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

கைப்பிடியின் ஸ்க்ரூக்களில் பாதியைக் கழற்றினேன். ஆட்டம் கண்டது. அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுநாளைக்குத் தச்சரை வரச்சொன்னாள். அவர் அந்த மரத்தில் கண்ட கண்ட ஆணியை அடிப்பார். ஆடுகிற கைப்பிடிக்குத் தச்சர் போதும். விழுந்த கைப்பிடிக்கு டிசைனர்தான் வந்தாக வேண்டும். சாயங்காலம் அவள் கடைக்குப் போன நேரத்தில் மிச்சத்தையும் கழற்றிவிட்டு, மரத்தைப் பார்வைக்கு நேராக நிறுத்திவைத்தேன்.

யாராவது சாய்ந்தால்தான் அது விழும் என்று எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். தெரியும். யார் சாய்வாள் என்பதும் தெரியும். ஆடுகிறது என்று தெரிந்தாலும் காலைப் பழக்கம் அவளை விடாது.

காலையில் நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, தச்சர் வர்ற நேரமாச்சு, கதவைத் திறந்து வைங்க," என்றாள் மேலிருந்து. ஆகட்டும் என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் முதலில் யாருக்குப் போன் செய்தேன் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். "கைப்பிடி விழுந்துருச்சும்மா," என்றேன். "ஐயோ, யாருக்காவது அடிபட்டுச்சா சார்?" என்று அவர்தான் கேட்டார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அவர்தான். அதற்கு முன்னாலேயே வந்தும் சேர்ந்தார். என்னைத் தாண்டி ஓடி, அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது கொஞ்சம் வருத்தம்தான்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கைப்பிடியைச் சரியாகப் பொருத்தவில்லை என்று அவரைக் கூட்டிவந்து விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். மனசு கேட்கவில்லை. அவர் வேலையில் குறை இல்லை, ஐயா. ஸ்க்ரூக்கள் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன, எடுத்துப் பாருங்கள். எல்லாம் உயர்ந்த தரம். கொன்றது நான்தான். நான் சொன்னேன் என்று அவரிடம் தெரிவித்தால் போதும்.

அப்புறம், இந்த அறைக் கதவு கீழே உரசுகிறது. அதையும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நேரில் வந்து பார்ப்பார்.