வெள்ளைத் துண்டு

எங்கள் விடுதியில் வெந்நீருக்குக்கூட வெயில்தான் அடுப்பு, ஐயா. மழைநாளில் விருந்தாளிகள் முணுமுணுத்துக்கொண்டே குளிப்பார்கள். காட்டை ஒட்டிய விடுதி அது. மண்சுவர், புல் கூரை. பிளாஸ்டிக் கூடாது, ஜெனரேட்டர் கூடாது, சத்தம் கூடாது. நான் அங்கே சமையல்காரன். இறந்துபோன என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், விருந்தாளிகளை ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போகும் வழிகாட்டி. எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

சத்தம் கூடாது என்பதால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஊழியர் குடியிருப்பிலிருந்து வரும் பாதை மூங்கில் புதருக்குள் வளைந்து வரும். நான் சமையற்கட்டிலேயே படுக்கிறவன். விடிந்ததும் மேட்டில் நின்று பார்ப்பேன். பாதையில் விலங்கு எதுவும் இல்லையென்றால் கம்பத்தில் வெள்ளைத் துண்டைக் கட்டுவேன். துண்டு தெரிந்தால் வரலாம், தெரியாவிட்டால் வீட்டிலேயே இருக்க வேண்டும். துண்டைப் பார்த்துவிட்டால் மச்சான் தலையைக்கூட நிமிர்த்தாமல் நடந்து வருவார். "மாப்ள துண்டு கட்டிட்டான்னா கண்ணை மூடிட்டு வரலாம்" என்பார்.

பெரியவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனி ஆண் யானை. பெயர் நான் வைத்தது. என் மனைவி போய்ச் சேர்ந்த வருடம்தான் அவன் வர ஆரம்பித்தான். சமையற்கட்டுக் கழிவெல்லாம் உரக்குழிக்குப் போக வேண்டும் என்பது விதி. நான் பூசணியையும் பழத்தோலையும் குழிக்கு வெளியே, உப்புத் தூவி வைத்தேன். முதலில் நான் உள்ளே போன பிறகு வந்து தின்றான். பிறகு நான் நிற்கும்போதே வந்தான். ஒரு நாள் தும்பிக்கை நுனியால் என் உள்ளங்கையைத் துழாவினான். அவள் போன பிறகு என்னை யாரும் தொட்டதில்லை, ஐயா. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மச்சானுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை.

"மாப்ள, பயம் விட்டுப்போன யானை என்னைக்காவது ஆளை அடிச்சிரும். நேத்து ஜீப்பை மறிச்சிட்டு நகரவே இல்ல. உள்ள குழந்தைங்க இருந்துச்சு. காலைல வனத்துறையில சொல்லப் போறேன். வேற காட்டுல கொண்டுபோய் விட்டுருவாங்க. உன் பேரு வராமப் பாத்துக்கிறேன்."

"கொஞ்ச நாள் பொறுங்க மச்சான்."

"பொறுத்தா யாரு உசுருக்கு யாருடா பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நல்ல மனிதர். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் விடியும்போது மூடுபனி. பெரியவன் மூங்கில் வளைவில் நின்று தின்றுகொண்டிருந்தான். மேட்டிலிருந்து அவன் முதுகு தெரிந்தது. நான் துண்டைக் கட்டினேன். தினமும் செய்கிற வேலைதானே.

எதைத் தின்றான் என்று கேட்பீர்கள். பூசணிதான். அன்றைக்கு அதைக் குழியருகே வைக்கவில்லை, வளைவில் கொண்டுபோய் வைத்திருந்தேன். தின்னும்போது என்னைத் தவிர யார் கிட்டே வந்தாலும் அவனுக்குப் பிடிக்காது. அது எனக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும். ஆனால் அவர் தலையை நிமிர்த்தவில்லை.

சத்தம் கேட்டதும் துண்டை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுத்தான் ஓடினேன்.

அக்கா மச்சானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "துண்டு தெரியுதான்னு கேட்டாருடா. வாசல்ல நின்னு நான்தான் தெரியுதுன்னு சொன்னேன்" என்றாள். கம்பம் வெறுமையாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். "பனியில தப்பாத் தெரிஞ்சிருக்கும்கா" என்றேன். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "என் கண்ணாலேயே என் தாலிய அறுத்துக்கிட்டேன்" என்று புலம்புகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிவிடுகிறவன் நான்தான். எனக்கு அவள் தாய் மாதிரி. அவள் அழுவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடிக்கிறது.

அதனால்தான் இன்றைக்கு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று முதலில் சொல்ல நினைத்தேன். ஆனால் அவள் அழ ஆரம்பித்துப் பல நாளாகிறது. பெரியவனைப் பிடித்துக் கூண்டில் அடைத்திருக்கிறார்கள், கொல்லச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது என்பது எனக்கு இன்று காலையில்தான் தெரிந்தது.

அவன் மேல் குற்றமில்லை. மச்சானை அந்த வளைவுக்கு வரவழைத்தவன் நான். அவர் திரும்பக் கூடாது என்றுதான் வரவழைத்தேன். கொன்றது நான்தான் என்றே போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கூண்டுப் பக்கம் யாராவது போனால் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள், ஐயா. உப்புத் தூவாமல் வைத்தால் அவன் பூசணியைத் தொடமாட்டான்.