பிரின்ஸ்டனின் பாய்ச்சல்

— பரவாயில்லையோ? தம்பி ஜெனிஸ்டன், கார் து நோர் ரயில் ஸ்ரேசன் படிக்கட்டு முழுக்க ஒரே பாய்ச்சல்! ஹோலிலை சனம் எழும்பி நிண்டு கை தட்டினது. நீ பரவாயில்லை எண்டுறாய்.

— பரவாயில்லைதான், அப்பா. முருங்கைக்காய்ப் பெட்டியை எங்கை வைக்க?

— இஞ்சாலை, கடை வாசலிலை வை. சுபாங்கி நல்லாய்த்தான் படம் எடுத்திருக்கிறாள். எண்பதுகளிலை நாங்கள் கசற் எடுத்துப் பாத்த அடிபிடிப் படம் மாதிரியே. வில்லன்ரை ஆக்கள் துரத்த, கதாநாயகன் பிரின்ஸ்டன் சில்லுப் பலகையிலை மரக்கறி வண்டிக்குக் கீழாலை பூந்து...

— மேலாலை.

— என்ன?

— வண்டிக்கு மேலாலை. கீழாலை எவனும் போவான்.

— சரி, மேலாலை. அவன்ரை தேப்பன் வின்சன்ற் நெஞ்சை நிமித்திக்கொண்டு இந்த றோட்டாலை போறதும் வாறதும்தான். சனம் நிப்பாட்டிக் கை குடுக்குது. குடுத்து வச்ச மனிசன்.

— பிரின்ஸ்டனுக்கு முகம் மட்டும்தான் நல்லம்.

— பொறாமைப்படாதை.

— எனக்கென்ன பொறாமை? ஸ்கேற் ஓடேக்கை தலைக்கவசம், முகமே தெரியேல்லை. அதுக்கும் 'பிரின்ஸ்டன், பிரின்ஸ்டன்' எண்டு கத்துதுகள்!

— நீயும் ஏறினனிதானே. கை முறிஞ்சதுதான் மிச்சம்.

— நீங்கள் விடச் சொன்னீங்கள். விட்டிட்டன்.

— ஓம், மடு மாதா மேலை சத்தியம் பண்ணினனி. முழங்காலிலை என்ன காயம்?

— மெற்றோவிலை விழுந்தனான்.

— ம். ஞாயிற்றுக்கிழமை பங்குத் திருநாள். கோயில் வாசல் படியிலை அந்தப் பாய்ச்சலை நேரிலை காட்டினால் என்ன எண்டு பங்குச் சுவாமியைக் கேட்டனான். இளந்தாரிச் சுவாமி, உடனை ஓமெண்டிட்டார்.

— மே நோன், அப்பா! வேண்டாம்.

— ஏன்? வயிறெரியுதோ?

— பிரின்ஸ்டன் விழுந்து மண்டையை உடைப்பான்!

— படத்திலை உடைக்கேல்லையே.

— அவனுக்கு ஸ்கேற்றிலை நிக்கவே தெரியாது! பாய்ஞ்சது நான். வண்டிக்கு மேலாலை போனதும் நான். மாதா மேலை பண்ணின சத்தியத்தை முறிச்சிட்டன். அடிக்கிறதெண்டால் அடியுங்கோ, அவனை மட்டும் ஏத்தாதையுங்கோ.

— ஆர் அவனை ஏத்தினது? என்ரை பிள்ளைக்கு விழுந்த கைதட்டலை வின்சன்ற் வாங்கிக்கொண்டு திரியிறான், எனக்கு நித்திரை இல்லை. சுவாமியிட்டைக் குடுத்தது உன்ரை பேர்.