பாட்டுக் கேட்கச் சம்பளம்

ரெக்ஸ்டேல் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி, "பாட்டுக் கேக்கிறதுக்குச் சம்பளமோ?" என்றாள். நான் வோக்மனை நிறுத்தினேன்.

"ஓம், ராணியக்கா. மூத்தவள் பாரிஸில கட்டப்போற பிரெஞ்சுக்காரனுக்கு அதுதான் வேலை. பியானோ படிச்சுச் சரிவரேல்லையாம். இப்ப கச்சேரியளைக் கேட்டு, நல்லது கெட்டதைப் பேப்பரில எழுதிறார்."

"அப்ப சின்னவளின்ர பாட்டு அரங்கேற்றத்துக்கு அவரைக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டுப் பிரதம விருந்தினராயும் போட்டம். எல்லாரும் புகழ்ந்து முடிய மைக்கை வாங்கி, மூண்டாவது பாட்டில சுருதி விலகினதெண்டார். மூத்தவள் அதைத் தமிழிலயும் சொல்லிப்போட்டாள்."

"சனத்துக்கு முன்னாலயோ? பிள்ளை அழுதிருப்பாளே."

"நான்தான் அழுதனான். இந்தச் சம்பந்தமே வேண்டாமெண்டனான். சின்னவள் விடுறாளில்லை. அக்கா அவரைத்தான் கட்டவேணுமாம். மண்டபத்தில அவர் ஒராள்தான் பாட்டைக் கேட்டவராம்."