விழாத புள்ளி

கீபோர்டில் ஒரு எழுத்து விழவில்லை என்றால் எல்லோரும் முதலில் அதைக் கவிழ்த்துத் தட்டுவார்கள். தூரத்துக் கணினியோடு இணைந்து வேலை செய்யும்போது கோளாறு பெரும்பாலும் அதில் இருக்காது, ஐயா. நம் கீபோர்டு ஒரு மாதிரி, அந்தக் கணினியின் அமைப்பு வேறு மாதிரி. இரண்டையும் பொருத்திவிட்டால் போதும். ஆரணியில் அந்த வேலையைச் செய்பவன் நான், தென்னரசு.

துர்கா வீட்டிலிருந்தே ஒரு தனியார் மருத்துவமனைக் கணினியில் மருந்துச் சீட்டுகளை ஏற்றுபவள். அவள் அடிக்கும் அளவைப் பார்த்துத்தான் வார்டில் நர்ஸ் ஊசி போடுவார். ஒருநாள் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒண்ணு அடிச்சா வேற ஒண்ணு வுழுது. ஒரே பேஜாரா கீது. ஜல்தி வாங்கண்ணா."

அண்ணா என்பது ஊர்ப்பழக்கம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போனேன். உள்ளே அவள் அப்பாவின் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் சொல்வதைக் கேட்க அவள் என் பக்கம் குனிய வேண்டியிருந்தது. சரிசெய்தேன். என் கடையிலிருந்தே அவள் கணினிக்குள் போக ஒரு வழியும் வைத்துக்கொண்டேன். பிறகு அவள் அழைக்காத வாரங்களில் ஏதாவது ஒரு எழுத்தை நானே மாற்றிவைப்பேன். யாருக்கும் நஷ்டமில்லை. கூப்பிடுவாள், போவேன், காபி தருவாள்.

போளூர் கோகுல்ராஜோடு அவளுக்கு நிச்சயமானது. அதன்பின் எழுத்தை மாற்றியும் அழைப்பு வரவில்லை. நானே போன் செய்து கேட்டேன்.

"பரவால்லண்ணா, அவரு போன்லயே சொல்லிக் குடுத்துட்டாரு. நானே சரி பண்ணிட்டேன்."

அதனால்தான் புள்ளியை எடுத்தேன். மருந்தளவில் புள்ளி விழாவிட்டால் அழைத்தே தீருவாள் என்று நினைத்தேன்.

அன்று அவள் திரை என் கடையிலும் தெரிந்தது. ஒரு குழந்தையின் சீட்டு. டாக்டர் எழுதிய சீட்டின் படத்தில் 2.5 என்று தெளிவாக இருந்தது. கட்டத்தில் 25 என்று விழுந்தது. வேகமாக அடிப்பவள், கவனிக்கவில்லை. போன் என் கையில்தான் இருந்தது. ஆனால் நான் அழைத்தால் அதில் என்ன இருக்கிறது? அவளல்லவா அழைக்க வேண்டும்? காத்திருந்தேன். அவள் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டாள்.

குழந்தை பிழைக்கவில்லை. ஊசி போட்டவரும்தான் அளவு சரியா என்று யோசிக்கவில்லை.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் அவள் கணினியை எடுத்துப் போகும் முன் புள்ளியைத் திரும்ப வைத்துவிட்டேன். "நான் புள்ளி வெச்சேன் சார், சத்தியமா வெச்சேன்" என்று அவள் அழுதபோது, தட்டிப் பார்த்தார்கள். விழுந்தது.

கோகுல்ராஜ் வீட்டார் நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள். அவள் அப்பா அவளைப் பார்க்கச் சிறைப்பக்கமே போவதில்லை. ஜாமீனுக்காக வக்கீல் வீட்டுக்கு நான் ஒருவன்தான் அலைகிறேன். என்னையும் உள்ளே வைத்துவிட்டால், ஐயா, அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?