அடித்தளத்தில் யாரும் இல்லை

வாடகைக்கு இடம் பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கழிவறையைத்தான். ஜன்னல், வெளிச்சம், லிஃப்ட் எல்லாம் அப்புறம். கை கழுவுகிற சாக்கில் உள்ளே போவார்கள், மூச்சை ஒரு தரம் இழுப்பார்கள், அங்கேயே முடிவாகிவிடும். பத்தொன்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், ஐயா. மூளையால் இடம் பிடித்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாரும் மூக்கால்தான் பிடிக்கிறார்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதனால்தான் மூக்கிலிருந்து தொடங்குகிறேன்.

கட்டடத்தை நீங்களே பார்த்தீர்கள். நகரத்தின் நட்டநடுவே, நாலு சாலை கூடுகிற முனையில் பதினோரு மாடி. கீழ் இரண்டு தளம் கடைகளுக்கு, மேலே உள்ளவை அலுவலகங்களுக்கு. தரைக்குக் கீழே வண்டி நிறுத்த இரண்டு அடித்தளம். முகப்பு முழுக்கக் கண்ணாடி. வானம் என்று நினைத்துப் புறாக்கள் வந்து மோதிச் சாகும். தினமும் காலையில் நடைபாதையில் கழுத்து ஒடிந்து கிடப்பதை, ஆட்கள் வருவதற்குள் அள்ளிவிட வேண்டும். துப்புரவுப் பெண் விடுப்பில் போன நாட்களில் கையுறை போட்டுக்கொண்டு நானே அள்ளியிருக்கிறேன். இன்னும் சூடு ஆறாமல் இருக்கும். அந்தச் சூடு கையுறையைத் தாண்டி வரும். அதற்காகவே பிறகு மூன்று முறை கை கழுவுவேன்.

கட்டி முடித்து ஒரு வருஷமாகியும் ஒரு தளம்கூடப் போகவில்லை. முதலாளி கோபப்படுகிறவர் அல்ல, கேலி செய்கிறவர். "தினம் யாரையாவது கூட்டிக்கிட்டு வந்து சுத்திக் காட்டுறே. இது கட்டடமா, பொருட்காட்சியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இந்த மாத முடிவுக்குள் யாரும் வரவில்லை என்றால் என் இடத்துக்கு வேறு ஆளைப் பார்ப்பதாகவும் சொன்னார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஒரு பெரிய கம்பெனி மேலே வந்துவிட்டால் கீழே கடைகள் தாமாக வரும். காபிக் கடை, மருந்துக் கடை, வங்கி என்று வரிசை கட்டி நிற்பார்கள். அப்படி ஒரு காப்பீட்டுக் கம்பெனி நாலு தளம் கேட்டது. இடம் பார்க்க ஒரு அம்மாளை அனுப்பினார்கள். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு மூக்குக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டோம். பேசுவதற்கு முன்னால் ஒரு தரம் முகர்வார். நல்ல மனுஷி. எனக்கு அவரைப் பார்த்த உடனே பிடித்துப்போனது.

முதல் நாள் இரண்டாம் அடித்தளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு லிஃப்ட் வாசலில் நின்றார். கைக்குட்டையை எடுத்தார்.

"ஏதோ செத்துக் கிடக்கு இங்க."

"எலியா இருக்கும் மேடம். பக்கத்துல பழைய கட்டடம் இடிக்கிறாங்க, எல்லாம் இங்க ஓடி வருது."

எலி இல்லை என்று எனக்குத் தெரியும். பம்ப் அறையை ஒட்டி ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை இருக்கிறதல்லவா, அதில் இரவுக் காவலாளி தங்கியிருந்தார். அவர் வலது காலில் புண். கணுக்காலைச் சுற்றிக் கையகலத்துக்குத் திறந்து கிடக்கும். கட்டுத் துணி மஞ்சளாகி, பச்சையாகி, விளிம்பில் காய்ந்து அட்டையாகிவிடும். அழுகின பழத்தின் இனிப்பும் சாக்கடையின் புளிப்பும் சேர்ந்த வாடை அது. அடித்தளத்தோடு நிற்காது. லிஃப்ட் மேலே போகும்போது கூடவே ஏறும். ஏழாவது மாடியில் கதவு திறந்தால் நமக்கு முன்னால் அது இறங்கி நிற்கும்.

அடுத்த முறை மூக்குக்காரம்மா வந்தபோது அந்த ஆளிடம் அறையை விட்டு வரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். மேலே ஐந்தாவது தளத்தில் அந்த அம்மாள் ஜன்னலோரம் நின்று மேசைகள் எப்படிப் போடலாம் என்று கையால் அளந்துகொண்டிருந்தார். காரியம் பாதி முடிந்த மாதிரிதான். அப்போது லிஃப்ட் திறந்தது. அந்த மனிதர் நொண்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு.

"தம்பி, அம்மா இதை வண்டிகிட்ட போட்டுட்டாங்க. சக்கரத்துல நசுங்கிடுமேன்னு எடுத்தாந்தேன்."

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்து, அதைக் கொண்டு இரண்டு விரலால் கூட்டை வாங்கினார். நான் அவமானப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு விரல் எனக்கு நன்றாகப் புரிந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் வாங்கியிருப்பேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா? தம்பின்னு கூப்பிடறாரு?"

"இல்ல மேடம். அவரு எல்லாரையும் தம்பின்னுதான் கூப்பிடுவாரு."

அந்த மனிதர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஆமாம்மா, நாக்குல வந்துடுச்சு. பழக்கம்," என்றார். லிஃப்டில் ஏறாமல் படிக்கட்டு வழியாகவே இறங்கிப் போனார், வாடை தங்கிவிடுமே என்று. ஏழு இறக்கம், அந்தக் காலோடு.

அவர் என் அண்ணன்தான், ஐயா. கூடப் பிறந்தவர். பன்னிரண்டு வயது மூத்தவர்.

அப்பா போன பிறகு அவர்தான் என்னைப் படிக்க வைத்தார். தோல் பதனிடும் ஆலையில், மயிர் உதிர்வதற்காகப் பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். அந்தத் தொட்டிக்குள் நின்று தோலைப் புரட்டுகிற வேலை அவருக்கு. முப்பது வருஷம் நின்றார். கால் அங்கேதான் வெந்தது. நாங்கள் இருந்தது ஒரே அறை. அவர் வேலை முடிந்து வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து, என் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் படம் பார்ப்பார். புத்தகத்தில் அந்த வாடை ஏறிவிடும். பள்ளியில் யாரும் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். எனக்கு எட்டு வயதிலேயே வாயால் மூச்சு விடத் தெரியும். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். மூக்கும் வேறுதான்.

போன வருஷம் நிற்க முடியவில்லை என்று ஆலையில் அனுப்பிவிட்டார்கள். ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தார். பதினோரு நாள் இருந்தார். என் மனைவி அவர் காலைக் கழுவிக் கட்டுப் போடுவாள். அதே கையால் எனக்குத் தட்டு வைப்பாள். எனக்குத் தொண்டையில் இறங்காது. என் மகள் பெரியப்பா மடியில் உட்கார்ந்து கதை கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வருவாள். நான் அவளைத் தூக்குவதற்கு முன்னால் குளித்துவிட்டு வரச் சொல்வேன். ஒரு நாள் அவள் என் அண்ணனிடமே போய், "பெரியப்பா, உங்ககிட்ட வந்தா ஏன் அப்பா என்னைக் குளிக்கச் சொல்றாரு?" என்று கேட்டுவிட்டாள். மறுநாள் அவரே, "தம்பி, எனக்கு எங்கயாவது ஒரு வேலை பாரு. சும்மா உக்காந்து தின்னா உடம்புல ஒட்ட மாட்டேங்குது," என்றார். அப்படித்தான் அடித்தளத்து அறை. என் அண்ணன் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொன்னேன். அதற்கும் சரி என்றார்.

ஆட்கள் இடம் பார்க்க வருகிற நாட்களில் அவர் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போடுவது கண்ணாடிக் கூட்டுக்குப் பிறகு ஏற்பட்ட வழக்கம். அது என் யோசனைகூட இல்லை. "நீ வெளிய தாப்பா போட்டுட்டுப் போயிடுப்பா. தூக்கக் கலக்கத்துல மறந்து வந்துடப்போறேன்," என்று அவர்தான் சொன்னார்.

மூக்குக்காரம்மா இன்னொரு முறை வந்து போகும்போது இப்படிச் சொன்னார்: "அடுத்த செவ்வாய்க்கிழமை எங்க தலைவரைக் கூட்டிட்டு வரேன். இடம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த வாடை இருந்தா அவரு வண்டியை விட்டே இறங்க மாட்டாரு."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். மனைவி பிடுங்கல் தாங்காமல் அந்த வாரமே கூட்டிப் போனேன். டாக்டர் சின்ன வயதுக்காரர், தெளிவாகப் பேசினார். "முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டா போதும். இதயம், நுரையீரல் எல்லாம் நல்லா இருக்கு. இன்னும் இருபது வருஷம் நல்லாவே இருப்பாரு. சனிக்கிழமை வந்து சேருங்க."

திரும்பும்போது காரில் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "கால் போனா என்ன தம்பி, ஒரு செருப்பு மிச்சம்," என்றார். தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். "அப்புறம் இந்த வேலையும் முடியாது. உன் வீட்டு மூலையில ஓரமா உக்காந்துக்கறேன். பாப்பாவுக்குக் கதை சொல்ல ஆளாச்சு."

நான் ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் என்பதை யோசித்தேன். புண் ஆறினால் வாடை போய்விடும் என்று நீங்கள் சொல்லலாம். போகாது, ஐயா. அவர் இருமும்போது, சோற்றைப் பிசையும்போது, என் தோளில் கை வைக்கும்போது, எல்லாவற்றிலும் அது இருக்கிறது. புண் வருவதற்கு முன்னாலும் இருந்தது.

மறுநாள் அண்ணனிடம், டாக்டர் ஆபரேஷனை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார் என்று சொன்னேன். மனைவியிடம், சனிக்கிழமை காலையில் நானே சேர்த்துவிடுகிறேன், நீ அலைய வேண்டாம் என்று சொன்னேன். பூச்சி மருந்துக்காரருக்குப் போன் செய்தேன். அடித்தளம் முழுக்க எலி, கரப்பான், இரண்டு நாள் மூடிவைத்துப் புகை போட வேண்டும் என்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்கள் வந்தார்கள். அண்ணன் இரவுக் காவல் முடித்து, வலி மாத்திரை போட்டுப் படுத்திருந்தார். மருந்துக்காரர் ஒழுங்கான மனிதர், அவர் மேல் குற்றம் இல்லை. டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். அந்த அறைக் கதவையும் காட்டிக் கேட்டார்.

"இது என்ன சார்?"

"ஸ்டோர் ரூம். பழைய பெயின்ட் டப்பா. மேல ஒரு சந்து இருக்கு, புகை தானா உள்ள போயிடும்."

"ஆள் யாரும் இல்லையே?"

"தாழ்ப்பாள் வெளியில போட்டிருக்கே, பாருங்க."

படிவம் நீட்டினார். மனிதர்கள் யாரும் இல்லை என்பதற்கு ஒரு கட்டம், வளர்ப்பு விலங்குகள் இல்லை என்பதற்கு ஒரு கட்டம். இரண்டிலும் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். கதவுக்கு வெளியே அண்ணனின் செருப்பு ஜோடியாக இருந்தது. அதைக் காலால் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் தள்ளினேன். கையால் தொடவில்லை.

திங்கட்கிழமை வந்து அடைப்பைப் பிரித்தார்கள், காற்றாடி போட்டார்கள், போனார்கள். நான் தனியாக இறங்கி அந்தக் கதவை மட்டும் பிளாஸ்டிக் தாளால் இரண்டு அடுக்கு மூடி, நான்கு ஓரமும் டேப் ஒட்டினேன். சுவர்களுக்குப் புது வெள்ளை அடிக்கச் சொன்னேன். பெயின்ட் வாடை நல்ல வாடை. புதுசு என்று சொல்லும்.

செவ்வாய்க்கிழமை தலைவர் வந்தார். மூக்குக்காரம்மா லிஃப்ட் வாசலில் நின்று கண்ணை மூடி இழுத்தார். "இப்ப எவ்வளவு நல்லா இருக்கு," என்றார். புதன்கிழமை நாலு தளத்துக்கும் கையெழுத்தானது. அன்று மாலையே காபிக் கடைக்காரர் கீழ்த்தளம் கேட்டு ஆள் அனுப்பினார். முதலாளி எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். இதைக் கேட்டிருந்தால் அண்ணன்தான் முதலில் சந்தோஷப்பட்டிருப்பார்.

பார்வையாளர்களை விடவில்லை என்று மனைவியை வியாழக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைத்திருந்தேன். அன்று அவள் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். அப்படி யாரும் சேரவில்லை என்றார்கள். நேராகக் கட்டடத்துக்கு வந்து அடித்தளத்தில் இறங்கினாள். டேப்பைக் கிழித்தது அவள்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் என்னைக் கூட்டி வந்தபோது எதிரில் வந்த அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் அன்று இரண்டு முறை குளித்திருந்தேன்.

தெரியாமல் நடந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. அவர் உள்ளே இருப்பது தெரியும். தூங்கவில்லை என்பதும் தெரியும். மருந்துக்காரர் மேலே உடுப்பு மாற்றப் போயிருந்தபோது தாழ்ப்பாளைச் சரிபார்க்கக் கை வைத்தேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து, "தம்பியா?" என்றார்.

"ஆமாண்ணே."

"ஆளுங்க வர்றாங்களா?"

"ஆமா. பெரிய ஆளுங்க. நீங்க தூங்குங்க, யாரும் எழுப்ப மாட்டாங்க."

"சரிப்பா. வாடை வெளிய வராம இருக்கக் கதவுக்கு அடியிலயும் மேல இருக்கிற சந்துலயும் துண்டை அடைச்சுக்கறேன். நீ கவலைப்படாம போய்ப் பாரு."

வேண்டாம் என்று சொல்லவில்லை. அடைத்தால் புகை போக நேரமாகும் என்று மட்டும் தோன்றியது. சந்தில் செருகியதைக் கம்பியால் வெளியே இழுத்துவிட்டேன். அவர் ஏதோ கேட்டார். நான் மேலே வந்துவிட்டேன்.

எல்லாம் நான் செய்ததுதான், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கதவின் அடியில் உள்ளிருந்து ஒரு துண்டு செருகியிருந்ததே, அதைத் தனியாக எழுதுங்கள். அது என் வேலை இல்லை. அந்த அழுக்குத் துணியை நான் தொடவே இல்லை.