சாவியை நம்பாத வேன்

கார் இன்டிகேட்டர் எரியாதபோது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த புத்திசாலி நான். இலங்கை மலையகத்தில், டிக்கோயா பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு வேன்காரரும், மகள் கல்யாணத்துக்கு அவர் வேனை வாடகைக்குப் பேசியிருந்த அம்மாவும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

“லைட்டு, கதவு, சாவி எல்லாத்தையும் பாத்துக்கிற கம்பியூட்டர் பெட்டி செத்துருச்சுக்கா. வேற வேன்ல கழட்டுனத மாட்டுனோம். அது என்னய கள்ளன்னு நெனச்சு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.”

“நாளைக்கு பொண்ண எதுல தம்பி கூட்டிட்டுப் போறது?”

“காலைல வேன் திருத்துற கராஜ் பாஸ் வந்து என் சாவிய அதுல பதிஞ்சிருவாரு. அப்புறம் நம்பிரும்.”

“பெட்டி பரவாயில்ல, ஒரே நாள்ல பதிஞ்சிருது. நாங்க தாத்தா காலத்துலருந்து தேயிலத் தோட்டத்து லயத்து வீட்டுல இருக்கோம். வீடு இன்னும் எங்க பேர்ல பதியல.”

நான் சிரித்துவிட்டேன். இறங்கும்போது அந்த அம்மா என்னிடம் சொன்னார்: “சிரிக்கிறீங்களே, ஒங்க வீடு மட்டும் ஒங்க பேர்லயா இருக்கு?”